கொடியில் ஏழு சட்டைகள்

முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்தனர். மொன்ட்ரியாலிலோ கூதிர் முடியுமுன்பே முன்பனியும் பின்பனியும் ஒன்றாக வந்து அமர்ந்துவிடுகின்றன. மேப்பிள் மரங்கள் அனைத்தையும் துறந்து நிற்கும். மாலை நாலரைக்கே விளக்கேற்ற வேண்டிவரும். மரித்தோர் மாதமாகிய நவம்பரில் அந்நகரத்தின் வானம் தாழ்ந்து வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவரை விசாரிப்பதுபோலத் தயங்கி நிற்கும்.

1986ஆம் ஆண்டு மரித்தோர் திருநாளன்று, அந்நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் மதாம் ஹெலெனாவின் மாடிக் கொடியில், அவர் தோய்க்காத ஏழு ஆண்சட்டைகள் தொங்கின. நூறாண்டுக்கு முந்திய மெல்லிய லினன், கழுத்தில் சரிகை. கழற்றி உள்ளே வைத்தால் மறுநாட் காலை மீண்டும் கொடியில் இருக்கும். அவற்றினின்று வடிந்த ஆற்றுநீர் எக்குளிரிலும் உறையவில்லை. தபாற்காரர் அவ்விடத்தைக் கடக்கும்போது மட்டும் குடை விரித்துக்கொண்டார்.

மதாம் ஹெலெனா யுத்தத்துக்குப் பின் போலந்திலிருந்து வந்தவர். தம் முன்னோர் நிலமும் குதிரையும் குலச்சின்னமும் உடைய பிரபுக்கள் என்பார். கோயிலில் தம் நாட்டவரை அவரவர் பாட்டன் தொழிலைக் கொண்டே அறிவார்: இன்னார் தச்சன் வழி, இன்னார் தோல் பதனிட்டவன் வழி, இன்னார் பண்ணைக் கூலி வழி. அவர்களோடு ஒரே வாங்கில் அமரமாட்டார். ஏழு பிரபுக்கள் தம்மை அழைத்துப்போக வந்துவிட்டார்கள் என்று அவர் மகிழ்ந்தார். அப்போதே புற்றுநோய் அவரை முக்காற்பங்கு தின்றிருந்தது. சாவுக்கு முன் குருவானவர் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் ஆயிற்று. ஆயினும் முன்னோர் உள்ளே வராமல் உயிரை விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். விடியல்தோறும் பட்டப்பெயர் சொல்லி அவர்களை அழைத்தார். ஒருவரும் வரவில்லை. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில் எலும்பும் முனகலுமே எஞ்சின. சாவு மட்டும் வரவில்லை.

அவரைப் பராமரித்தவர் கீழ்வீட்டில் குடியிருந்த திரேசம்மா. மட்டக்களப்பிலிருந்து ஈராண்டுக்கு முன் அகதியாக வந்தவர். மகள் றோசா, வகுப்பிற் படித்த பிரெஞ்சில், இருவருக்குமிடையே மொழிபெயர்ப்பாள். தைமாதத்தில் அவளுக்கும் கிறகரிக்கும் திருமணம் பேசியிருந்தது. கிறகரியின் தாய் பிலோமினம்மா, ஊரில் நூறேக்கர் வயலுடைய போடியார் வீட்டுப் பெண். உங்கட ஆக்கள் என்ன தொழில் என்று அவர் முன்பு கேட்டபோது, சின்னக் கடை என்று திரேசம்மா சொல்லியிருந்தார்.

கூறைச்சேலை பற்றிப் பேச வந்த பிலோமினம்மா, நோயாளியைப் பார்க்க மாடிக்கு ஏறினார். கொடியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சம்மந்தி, ராசாமாரெண்டா தோய்க்க ஆள் கூட்டிக்கொண்டு வரமாட்டாங்களா?"

திரேசம்மா ஒரு சட்டையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். கட்டிலில் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தோய்க்கிற ஆக்கள்தான் வந்திரிக்காங்க," என்றார். "ஓரத்தில சிவப்பு நூல் பாருங்க. ஒரு வீட்டு உடுப்பெண்டா ஒரே குறிதான் இரிக்கும். இது ஏழு குறி, ஏழு வீடு. உடுத்தவங்க இப்பிடிச் சேர்த்துக் கொண்டு வரமாட்டாங்க."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட அப்பாவும் குறி போட்டவர். நாங்க கட்டாடி ஆக்கள். உடுப்பு வெளுத்துக் குடுத்துச் சீவிச்ச ஆக்கள்."

என்ன சொல்கிறாள் என்று மதாம் கேட்டார். பக்கத்தில் நின்ற றோசா தாயைப் பார்த்தாள். மாமியாராக வரவிருந்தவரையும் பார்த்தாள். சட்டைகளைப் பற்றிச் சொன்னதுமே மதாம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள், தாங்கள் வெளுக்கிறவர்கள் என்ற கடைசி வாக்கியம் வரைக்கும் சொன்னாள்.

மதாம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். பிறகு கதவை நோக்கி, பட்டம் ஏதுமின்றி, போலந்து மொழியில் பாட்டியை அழைக்கும் ஒரு சிறிய சொல்லைச் சொன்னார். கதவு திறந்தது. நனைந்த பாவாடையோடு ஏழு பெண்கள் வெறுங்காலோடு வந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். குளிர்நீரில் அவர்கள் கைகள் வெடித்துச் சிவந்திருந்தன. திரேசம்மா தேநீர் ஊற்றினார். குடிக்காமல், சூட்டுக்காகக் கோப்பையைப் பற்றிக்கொண்டார்கள். ஈரம் படாதிருக்கப் பிலோமினம்மா சேலைத்தலைப்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

"றோசா நல்ல புள்ள," என்றார். "அதுக்கென்ன செய்யிற."

மதாம் ஹெலெனா அன்று மாலையே இறந்தார். கிறகரியின் தொலைபேசி அழைப்பு அன்றும் வரவில்லை, தையிலும் வரவில்லை.

"அதையும் ஏன் மகள் மதாமுக்குச் சொன்ன?" என்று திரேசம்மா ஒருமுறைதான் கேட்டார்.

"மதாம் தனிய அழுதாம்மா."

கோயில் ஏட்டில் அந்த அடக்கத்துக்கு வந்தோர் தொகையுள் அவ்வெழுவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். பெட்டி வெளியேறுமுன் திரேசம்மா வாசற்படி தொடங்கி வண்டி வரைக்கும் பனியின்மேல் வெள்ளைத்துணி விரித்தார். ஊரில் அவர் தந்தை போடிமார் வீட்டுச் சாவுகளுக்கு மட்டுமே விரித்தது அது. விரித்து முடித்து ஓரத்தில் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்.

அவ்வெண்மையின்மேல் நடந்தவர்க்கும், அதனை விரித்தவர்க்கும், அதன் ஓரத்தில் நின்ற அந்தப் பெண் றோசாவுக்கும் இறைவன் இளைப்பாற்றி அருள்வாராக.