பவுனு உண்ட கை

மார்கழித் திங்களின் பின்பகுதியில், எர்ணாகுளத்து அடுக்குமாடிகளின் முதுகுக்குப் பின்னிருந்து கதிரவன் மெல்ல எழுந்து, இடையே கிடக்கும் காயல்நீரில் செம்பொன்னை நீட்டி விரிக்க, அக்கரையிலிருந்து புறப்பட்ட முதற்படகு அப்பொன்னைக் கிழித்துக்கொண்டு மட்டாஞ்சேரித் துறையை வந்தணைய, கரையோரத்துப் பழங்கிடங்குகளின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்து, இரவெல்லாம் அடைபட்டுக் கிடந்த சுக்கும் மிளகும் ஏலமும் தம் மணத்தைத் தெருவெங்கும் அவிழ்த்துவிட, கொங்கணியும் குசராத்தியும் மலையாளமும் தமிழும் பேசும் மாந்தர் ஒரே தேநீர்க்கடையின் முன் தோளோடு தோள் உரச நிற்கும் அக்காலைப்பொழுதைக் கண்டோர், மக்கள் ஒருவரை ஒருவர் அஞ்சாது வாழ இதனினும் சிறந்த ஊர் உண்டோ என்று வியப்பர். படிப்போரே, நீங்களும் வியந்துகொள்ளுங்கள். வியந்து முடித்தபின், கிடங்குத் தெருவைத் தாண்டிக் கால்வாயோரம் நிற்கும் வரிசை வீடுகளுள் கடைசி வீட்டின் பின்படியில், கையில் ஊறிய அரிசியோடு அமர்ந்திருக்கும் ஏழு அகவைச் சிறுமியையும் ஒருமுறை பாருங்கள்.

அவள் பெயர் முப்பிடாதி. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கட்டடங்களுக்குச் சாந்து பூசும் நல்லசிவத்திற்கும், இறால் உரிக்கும் கொட்டகையில் விடியல் தொட்டு உச்சிவரை குளிர்நீரில் கைவிட்டு உழைக்கும் பாண்டிச்செல்விக்கும் அவள் ஒரே மகள். குலம் காக்கும் அம்மனின் பெயரை ஆசை ஆசையாய்ச் சூட்டிய பெற்றோர், அப்பெயரை ஆசிரியை அழைக்கும்போதெல்லாம் ஒரு வகுப்பறையே சிரிக்கும் என்று அன்று எண்ணியிருக்க மாட்டார்கள். பெயரையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளுடைய ஐந்தாம் அகவையில் உதட்டோரத்தில் அரிசியளவாய்த் தோன்றிய ஒரு வெண்புள்ளி, கன்னத்தில் ஏறி, கழுத்தில் இறங்கி, விரல்களில் படர, இப்போது அவளுடைய இரு கைகளும் மாவில் தோய்த்தெடுத்தவைபோல் ஆகியிருந்தன.

மருத்துவமனையில் காட்டினார்கள். தொட்டால் ஒட்டாது, தோல் தன் நிறத்தை இழந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒட்டாது என்ற அந்த ஒரு சொல்லைப் பாண்டிச்செல்வி கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டாள். அதற்குரிய மலையாளத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து, மகளுக்கு வாய்ப்பாடுபோல் கற்பித்தாள்.

"யாராச்சும் கேட்டா, ‘இது பகரில்ல’ன்னு சொல்லணும் தாயி. சொன்னா புரிஞ்சுக்குவாவ."

முப்பிடாதி சொன்னாள். பக்கத்தில் அமர்ந்தவளிடம் சொன்னாள், ஆசிரியையிடம் சொன்னாள், எதிர்வீட்டுச் சிறுமி ஷபானாவிடம் இருமுறை சொன்னாள். கேட்டவர் எல்லாரும் தலையசைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி அமர்ந்தார்கள். உண்மையைச் சொன்னால் உலகம் நம்பும் என்று குழந்தைகளுக்கு நாம் கற்பிக்கிறோமே, அதைப்போலப் பொறுப்பில்லாத பேச்சு வேறொன்றில்லை. சென்ற ஆண்டு தன் பிறந்தநாளுக்குப் புதுப்பாவாடை உடுத்தி வகுப்பு முழுவதற்கும் அவள் இனிப்பு வழங்கினாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். மாலையில் பள்ளிவாயிலை அடுத்த சாக்கடையோரம் அவ்வினிப்புகள் உறை பிரியாமல் மின்னிக்கொண்டிருக்கக் கண்டவள், குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பாவாடையில் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "மிச்சம் வந்துட்டும்மா" என்றாள். தாய் மகிழ்ந்து அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அத்தாயும் குற்றமற்றவள் அல்லள். ஊரிலிருந்து உறவுக்காரி ஒருத்தி தொலைபேசியில் ஏதோ ஓதிய நாள்முதல், அவ்வீட்டில் முப்பிடாதிக்கென்று ஒரு தனிக்குவளையும் தனித்துண்டும் வந்துவிட்டன. "இது ஒனக்கு மட்டும், ராணி மாதிரி" என்று பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாள். முன்பெல்லாம் ஊட்டிவிடும்போது மகள் பிசைந்து நீட்டும் ஓர் உருண்டையைத் தானும் வாங்கிக்கொண்டவள், அதன்பின் "நீ தின்னு தாயி, எனக்குப் பசிக்கல" என்று சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்பது பெரியவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். முப்பிடாதிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அந்தக் குவளையிலேயே நீர் அருந்தினாள்.

இந்நிலையில்தான் கும்பளங்கியில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்த நல்லசிவம், ஒருநாள் தன் சோற்று வாளிக்குள் ஒரு வாத்துக்குஞ்சை இட்டுக் கொண்டுவந்தான். மஞ்சள் மஞ்சேரென்றிருந்த அதற்குப் பவுனு என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து அதன் இறகுகள் பழுப்பான பின்னும் பெயர் மாறவில்லை. அறிவிலியை 'வாத்து' என்று ஏசுவது நம் வழக்கம். அப்பெரும் அறிவின்மையால்தான் போலும், அது முப்பிடாதியின் கையின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தில் வைத்த தீனியைத் திரும்பியும் பாராமல், அவள் உள்ளங்கையில் வைத்த அரிசியை மட்டும் கூச்சம் மூட்டி மூட்டி உண்டது. அவள் பள்ளியிலிருந்து திரும்பும் ஓசை கேட்டால் கால்வாயின் மறுகரையிலிருந்தும் நீந்தி வந்தது. பகலெல்லாம் யாரும் தொடாத அந்தக் கை, மாலையில் ஓர் அலகின் குத்தலுக்காகக் காத்திருந்தது. அச்சிறுமியின் உலகம் முழுவதும் அவ்வளவே.

அவ்வுலகின்மேல் கேடு வந்து விழுந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கோழிக்கடைக் கூண்டில் பறவைகள் திடீரென்று செத்து விழுந்தன. எடுத்துச்சென்று ஆய்ந்தவர்கள் பறவைக்காய்ச்சல் என்றார்கள். அவ்விடத்தை நடுவாய்க் கொண்டு ஒரு வட்டம் வரையப்பட்டது. அவ்வட்டத்தினுள் கடைசி வீடும் இருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று கால்வாயோரம் கூவிச் சென்றபோது, விரைந்த மலையாளம் விளங்காத பாண்டிச்செல்வி மகளைத்தான் கேட்டாள்.

"என்னட்டி சொல்லுதான்?"

"நாளைக்கு வந்து எல்லாக் கோழியையும் தாரா வாத்தையும் கொண்டுபோவாங்களாம்."

"சீக்குப் பிடிச்சதைத்தானே?"

"இல்லம்மா. எல்லாத்தையும்."

தன் இழப்பைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் கொடுமை அக்குழந்தைக்கு நேர்ந்தது. சொல்லிவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்தாள். பெரியவர்களிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று அவள் அதுவரை நம்பியிருந்தாள். பாண்டிச்செல்வி கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள். கும்பளங்கிக்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"பாலத்துல போலீஸ் நிக்குது. ஒரு கோழி தாண்ட முடியாது," என்றான் நல்லசிவம். "மறைச்சு வச்சு மாட்டினோம்னா, சீக்கைப் பரப்புனது தமிழன்தான்னு ஊரே சொல்லும். நாம இருக்கது வாடகை வீடு, பாத்துக்க. குடுத்திரு." பின்பு, "பிள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்ல, நீயே சொல்லு" என்று வைத்துவிட்டான்.

மறுநாட் காலை வந்தார்கள். தலைமுதல் கால்வரை வெண்ணிற உடையும் கையுறையும் முகமூடியும் அணிந்து வந்தவர்கள், முதலில் ஷபானா வீட்டுக் கோழிக்கூட்டைத் திறந்தார்கள். ஷபானா எழுப்பிய அழுகுரல் கால்வாயின் இருகரையிலும் மோதியது. பிறகு கடைசி வீட்டுக்கு வந்தார்கள். அறியாத வெள்ளுருவங்களைக் கண்டு மிரண்ட பவுனு, படியிலிருந்து நீரில் குதித்து, கட்டிக் கிடந்த ஓடம் ஒன்றின் அடிநிழலில் போய் ஒண்டிக்கொண்டது. வலை வீசினார்கள், அது நழுவிற்று. மீண்டும் வீசினார்கள், மீண்டும் நழுவிற்று. முப்பிடாதியின் முகத்தில் ஒரு மின்னல் தோன்றியதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் நேரே சென்று அக்குழுவின் தலைவியாகிய தன்யா என்னும் கால்நடை மருத்துவரின் முன் நின்றாள். தன் வாழ்நாளில் கற்ற ஒரே வழக்குரையை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"டாக்டரே, இது பகரில்ல."

இரண்டாண்டுகளாய்த் தனக்காகச் சொல்லி ஒருவரும் நம்பாத சொல்லை, இப்போது தன் வாத்துக்காகச் சொன்னாள். அவளிடம் வேறு சொல் இல்லை.

மருத்துவர் அச்சிறுமியின் உதட்டோரத்தையும் கழுத்தையும் பார்த்தார். அச்சொல் எங்கிருந்து வந்ததென்று அவருக்குப் புரிந்துவிட்டது. முழங்கால் மடக்கி அவளுக்கு நேராய் அமர்ந்தார்.

"மோளே, அதுக்கு அசுகம் உண்டோ இல்லையோ, எனக்கே தெரியில்ல. தெரியாததுனாலதான் கொண்டுபோறேன்."

"தெரியாதுன்னா விட்டுடலாமே?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் கலங்கின. ஆனால் கலங்கிய கண்ணாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. குழுவில் ஒருவன் நீண்ட மூங்கிற்கழி ஒன்றைத் தேடி எடுத்துவந்து ஓடத்தின் அடியில் குத்தத் தொடங்கினான். உள்ளிருந்து பவுனு கத்திற்று.

பாண்டிச்செல்வி கிண்ணத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு ஓடிப் படியில் நின்று, "பா, பா" என்று அழைத்துப் பார்த்தாள். அது வரவில்லை. அவள் திரும்பி மகளிடம் வந்தாள்.

"நீ கூப்பிடு தாயி."

"மாட்டேன்."

"கூப்பிடலன்னா கம்பால அடிச்சுப் பிடிப்பாவட்டி. ஒன் கைக்கு வந்தா அதுக்கு வலிக்காது."

"பிடிச்சுட்டு என்ன செய்வாவ?"

தாய் அரிசிக் கிண்ணத்தை அவள்முன் நீட்டினாள். முப்பிடாதி கழியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், அத்தனை பெரியவர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒருவரிடமும் ஒரு வழியும் இல்லை என்பதைக் கண்டுகொண்டாள். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு கை அரிசியை அள்ளிக்கொண்டு, படிகளில் இறங்கி, நீர் தொடும் கடைசிப் படியில் குந்தி அமர்ந்தாள்.

"பவுனு... பா, பா, பா."

ஓடத்தின் நிழலிலிருந்து அது வெளிவந்தது. ஐயமே இல்லாமல், வாலை ஆட்டிக்கொண்டு, நாள்தோறும் வருவதைப்போலவே நேரே நீந்தி வந்தது. அவள் உள்ளங்கையில் அலகை வைத்து உண்ணத் தொடங்கியது. அவளை விரைவுபடுத்தக் கரையில் நின்ற ஒருவருக்கும் துணிவில்லை. கடைசி மணி அரிசியையும் அது உண்டு முடித்து, விரலிடுக்கில் இன்னும் ஏதேனும் உண்டா என்று துழாவும்வரை அவள் பொறுத்திருந்தாள். பின்பு அதை வாரி எடுத்து, நெஞ்சோடு ஒருமுறை சேர்த்து, தன்யாவின் கையில் கொடுத்தாள். பவுனு அப்போதும் கத்தவில்லை. அவள் கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று அது எண்ணியதோ என்னவோ.

அவர்கள் போகும்போது பின்படியில் வெண்பொடி தூவி, சோப்பிட்டு அவள் கைகளைக் கழுவச் செய்து, பறவையைத் தொட்டவர்கள் சில நாள் வீட்டைவிட்டு வெளியே வரலாகாது என்று சொல்லிச் சென்றார்கள். எதிர்வீட்டுச் சாளரத்தில் ஷபானாவும் அடைபட்டு நின்றாள். யாரும் தன்னருகில் வராத நாள் எப்படியிருக்கும் என்பதை அவள் முதன்முறை அறிந்துகொண்டிருந்தாள். இரு சிறுமியரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்தார்கள்.

அடுத்த நாள் காலை. படகு வந்தது, கிடங்குகள் திறந்தன, சுக்கும் மிளகும் மணந்தன. ஓர் உயிர் குறைந்ததை அறியாத ஊர் தன் வழக்கப்படி விடிந்தது. கொட்டகைக்குப் போக வழியில்லாமல் வீட்டிலிருந்த பாண்டிச்செல்வி, மகளைக் காணாமல் பின்பக்கம் வந்தாள். முப்பிடாதி படியில் அமர்ந்திருந்தாள். முதல்நாள் இரவு வழக்கம் மாறாமல் அவள் ஊறவைத்துவிட்ட அரிசி, அவளுடைய வெளுத்த உள்ளங்கையில் இருந்தது. கையைக் கால்வாயை நோக்கி நீட்டியிருந்தாள். அழைக்கவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் கைக்கு அது தெரியவில்லை.

வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். இவ்வட்டத்துக்குள் இனிப் பல திங்கள் ஒரு குஞ்சும் வரக்கூடாது என்பது ஆணை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லலாம், எது சரியாகும்? ஆறுதல் என்று ஒரு சொல்லும் அகப்படாத அத்தாய், மகளுக்குக் கீழ்ப்படியில் போய் அமர்ந்து, குனிந்து, அவ்வுள்ளங்கையில் வாய்வைத்து அந்த ஊறிய அரிசியை உண்டாள்.

முப்பிடாதி கையை இழுக்கவில்லை. தாயின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்குப் பயமில்லையாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் பாண்டிச்செல்வி நிமிர்ந்தாள். மகளின் கண்களைக் கண்டபின் பொய் வரவில்லை.

"இருக்குட்டி."

மகள் நீரைப் பார்த்தாள். "பவுனுக்கு இருந்ததே இல்ல," என்றாள்.

நோய் ஒட்டுமோ ஒட்டாதோ, அதை மருத்துவர் ஆய்ந்து சொல்லட்டும். அச்சம் ஒட்டும்; தெருவிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பெற்ற தாயின் நெஞ்சுக்கும் ஒட்டும். அதைச் சுமந்துகொண்டேயாயினும் தன் மகளின் கையிலிருந்து ஒருவாய் அரிசி உண்ண, ஒரு தாய்க்கு இரண்டாண்டுகளும் ஒரு வாத்தின் உயிரும் வேண்டியிருந்தன. பாண்டிச்செல்வி மீண்டும் குனிந்தாள். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் அரிசி இருந்தது. முப்பிடாதி அதை நீட்டியபடியே இருந்தாள்.