முத்துக்குமாருவின் சட்டி

கடந்த மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு பத்துக்கு, மானிப்பாயில் தேவகுமாரி ரீச்சரின் மேற்குப்பக்க மதிலில் ஒரு சட்டி பாற்கஞ்சி வந்திருந்தது. கொண்டுவந்து வைத்தவர் என்று எவரும் இல்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் இருபத்தொன்பது வருடமாக ஆளில்லாத வளவு. கூரை விழுந்த வீடும் ஆடாதோடைப் பற்றையும் இரண்டு உடும்புகளுமே அங்கே குடியிருப்பு. சட்டி நீல விளிம்பு வைத்த எனாமல் சட்டி, விளிம்பில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்திருந்தது. கஞ்சி சுட்டது. செவ்வாய்க்கிழமையும் வந்தது. அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

ரீச்சர் முப்பத்திரண்டு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். விடை சரியாக இருந்தாலும் செய்கை காட்டாத பிள்ளைக்குப் புள்ளி போடமாட்டார். சும்மா வந்த கஞ்சியை அவர் வாயில் வைப்பாரா? முதல் மூன்று நாளும் காகத்துக்கு ஊற்றினார். காகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்காம் நாள் அது சொந்தக்காரரையும் கூட்டிவந்தது. புதிதாக வந்த ஜெபக் கூட்டத்தார் ஆள்பிடிக்கச் செய்கிற வேலை என்று ஒரு கிழமை நினைத்தார். வளவை வளைத்துப்போட நினைக்கிற யாரோ முதலில் வயிற்றைப் பிடிக்கிறான் என்று அடுத்த கிழமை நினைத்தார். கதிரை போட்டுக் காவலும் இருந்தார். ஆறு ஒன்பதுக்கு மதிலில் சட்டி இல்லை, ஆறு பத்துக்கு இருந்தது. இடையில் அவர் கண் இமைத்தது உண்மை. அதைத் தன்னுடைய கவலையீனம் என்றே எழுதிவைத்தார்.

ஞாயிறுதோறும் இரட்சிப்பு இலவசம், நம்முடைய நற்கிரியையால் வருவதல்ல என்று பிரசங்கம் செய்கிற றொபின் போதகரிடம் விஷயத்தைச் சொன்னார். போதகருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆரெண்டு தெரியாமல் வாயிலை வைச்சுப்போடாதேங்கோ, ரீச்சர். இந்தக் காலத்திலை சும்மா ஆர் தருவினம்?"

வேறு என்ன நினைத்துப் பார்த்தாலும், ஆரென்று ரீச்சருக்கு முதல் நாளே தெரியும். பெயர்ந்த எனாமலைப் பார்த்தவுடனே தெரியும். அதுதான் அவருடைய பயமே. சட்டி அந்த மேற்கு வளவில் இருந்த முத்துக்குமாருவினுடையது. பனையால் விழுந்து இரண்டு காலும் ஏலாமற்போன முத்துக்குமாரு தினமும் காலையில் நிலத்தில் அரைந்து வந்து, அப்போது அரையளவாக இருந்த அந்த மதிலில் சட்டியை வைப்பார்; ரீச்சர் கஞ்சி ஊற்றுவார். தொண்ணூற்றைந்து ஐப்பசி முப்பதாம் திகதி, ஆமி வருகிறது, சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. மறுநாள் விடியவும் சட்டி மதிலில் இருந்தது. அடுப்பில் கஞ்சியும் இருந்தது. ஊற்றப் போனால் அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டி வரும் என்று ரீச்சர் போகவில்லை. சைக்கிள் கரியரில் ஒரு ஆளை இருத்தலாம். ரீச்சர் அதில் தையல் மெஷினைக் கட்டியிருந்தார். தன் வாசல் படலையடியில் நின்று, "ஆள் அனுப்புறன், அண்ணை" என்றார். "ஓம் பிள்ளை, கவனமாய்ப் போ" என்று குரல் வந்தது. ரீச்சர் ஆள் அனுப்பவில்லை. சித்திரையில் திரும்பி வந்தபோது அவரும் இல்லை, சட்டியும் இல்லை. விசாரிக்கவும் ரீச்சருக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து அவர் திருவிருந்து எடுத்ததில்லை. சின்னக் கிண்ணங்களில் திராட்சரசத்தை ஊற்றி வைப்பது அவருடைய பொறுப்பாக இருந்தபடியால், அவர் குடிக்காததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கஞ்சிக்கு ஈடு செய்துவிட்டால் நிம்மதி வரும் என்று ரீச்சர் முடிவுகட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை, ஒரு கை சீனியாவது போடவேண்டும். சைவக்காரரும் வேதக்காரரும் ஒத்துப்போகிற சில விஷயங்களில் அது ஒன்று. ரீச்சர் சட்டியைக் கழுவி மதிலில் வைத்து, ஒரு கை சீனி போட்டார். அதோடு சட்டி அசையவில்லை. கிழக்கு வளவு குணலட்சுமியின் புருசனும் இரண்டு மேசன்மாரும் அலவாங்கு போட்டுக் கிளப்பிப் பார்த்தார்கள், அலவாங்குதான் வளைந்தது. சீனியை வழித்து எடுத்ததும் சட்டி காற்றுக்கு ஆடியது. முட்டை, கதலிப்பழம், பனங்கட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மறுநாள் கஞ்சி வழக்கம்போல வந்தது.

தை பிறந்து இரண்டாம் நாள் ரீச்சர் அந்தத் தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து சட்டியின் மேல் வைத்தார். மதில் வெடித்து, சட்டி ஒரு சாண் ஆழத்துக்கு உள்ளே இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த குணலட்சுமி, ரீச்சர் மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

"அடுப்பிலை கஞ்சி இருந்தது, குணம். இருந்தும் நான் ஊத்தேல்லை. இதுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

குணலட்சுமி முழுவதையும் கேட்டு முடித்தார். ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மெஷினை இறக்கி நிலத்தில் வைத்தார்.

"அவர் உங்களிட்டை ஏதும் கேட்டவரே, ரீச்சர்?"

ரீச்சர் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ஆறு பத்துக்கு, வெடித்த மதிலின் பள்ளத்துக்குள்ளே சட்டி நிறைய இருந்தது. ரீச்சர் அங்கேயே நின்று குடித்தார். உப்பு அளவாக இருந்தது. பிறகு சட்டியைக் கழுவி, ஒன்றும் போடாமல் திரும்ப வைத்தார். வைக்கும்போது கை கூசியது. யாரும் பார்க்கிறார்களோ என்று தெருவைப் பார்த்தார்.

மாசி முதல் ஞாயிறு, கிண்ணங்களை ஊற்றியபோது ஒன்று கூடுதலாக ஊற்றினார். மற்றவர்களோடு போய் முழங்காலில் நின்றார். இத்தனை நாளும் அவர் அந்த வரிசையில் நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைக்க, றொபின் போதகர் திகைத்து, கையிலிருந்த தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரீச்சர் வெறுங்கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார். போதகர் கொடுத்தார்.

கஞ்சி இன்றைக்கும் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் குணலட்சுமியும் வந்து பாதி குடிப்பார். சட்டியைக் கழுவுகிற முறை அன்று அவருடையது. அவரும் அதை வெறுமையாகவே வைத்துவிட்டுப் போகிறார்.