கொந்தரப்புக்குப் பேசிய லோயர்

என்னைவிடப் பெரிய முட்டாள் லிந்துலைப் பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

இரண்டாயிரத்து நாலில் மகள் கிருஷாந்திக்குத் தையல் மெஷின் வாங்கினேன். அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகக்கூடாது, தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே இருந்து தைத்துப் பிழைக்கட்டும் என்பதுதான் என் ஒரே வைராக்கியம். மூன்றாம் வாரமே மெஷின் பல்லிளித்தது. கடைக்காரன் மாற்றித் தர மாட்டேன் என்றான். தோட்டத்து ஆட்களுக்கு மெஷின் பாவிக்கத் தெரியாது என்று வேறு சொன்னான். அந்தச் சொல்தான் என்னை ஹட்டனுக்கு, லோயர் முத்துலிங்கத்திடம் இழுத்துக்கொண்டு போனது.

"வழக்குப் போடலாம். ஐயாயிரம் கட்டுங்கோ" என்றார். கட்டினேன். தோட்டத்தில் கொந்தரப்புக்கு, அதாவது மொத்தமாகக் காசு பேசி, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினால் பேசின காசுதான். மலை முடியும்வரை வெட்டிக் கொடுப்பது நம் பாடு. வழக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

வழக்கின் இரண்டாம் தவணைக்குக் கோர்ட்டுக்குப் போனபோது இன்னும் இரண்டாயிரம் கேட்டார்.

"ஏங்க ஐயா, அன்னைக்கே கட்டிட்டேனுங்களே?"

"அது வழக்குப் போட்டதுக்கு. நான் கோர்ட்டுக்கு வாற ஒவ்வொரு நாளுக்கும் வேற காசு. நீங்கள் கேக்கேல்லை, வீரய்யா. நான் ஒளிக்கவும் இல்லை."

உண்மைதான். வெற்றிலைக்குக்கூட நாலு கடை ஏறி விலை கேட்கிறவன், கறுப்புக் கோட்டைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தவணைமேல் தவணை. ஒருநாள் கடைக்காரன் வரவில்லை, ஒருநாள் நீதவான் லீவு. யார் வராவிட்டாலும் லோயருக்குக் காசு. எனக்கு அன்றைய கூலி போச்சு. செலவு மெஷின் விலையைத் தாண்டியது. "விட்டுத் தொலைங்க" என்று என் மனைவி காளியாயி அழுதாள். விட்டால் கடைக்காரன் சிரிப்பானே! வறட்டு வீம்பு எனக்கு.

பாக்கி ஏறியபோதும் லோயர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"கொழும்பில, வெள்ளவத்தையில என்ர தங்கச்சி வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை தேவை. மகளை விடுங்கோ. சம்பளத்தில கழிப்பம்."

வீட்டில் வந்து சொன்னேன். கிருஷாந்தி தலை நிமிரவில்லை.

"எத்தனை மாசம்ப்பா?"

"கேஸு முடியுற வரைக்கும்தாம்மா."

போன மாதம் வென்றோம். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் புது மெஷினை எடுத்து வைத்தான். நான் நேரே லோயரிடம் ஓடினேன்.

"புள்ளைய கூட்டியாரலாமுங்களா ஐயா?"

"கடைசித் தவணைகளின்ர காசும் இருக்கெல்லோ. இன்னும் அஞ்சு மாசம் நிக்கட்டும்."

மெஷினை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். லயமே கூடிப் பார்த்தது. "ஜெயிச்சிட்டீங்க மாமா" என்றார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. காளியாயி காலால் மிதித்துப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் ஓடியது. எங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்த ஒரே ஆள் வெள்ளவத்தையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.