அடிவாரத்து நாற்காலி

மலை ஊர் என்றால் எல்லோருக்கும் பூங்காவும் படகும் நினைவுக்கு வரும். எனக்குப் பாலித்தீன் கவர்தான் நினைவுக்கு வரும். ஏற்காட்டுக்கு மூன்று முறையும் ஊட்டிக்கு ஒரு முறையும் போயிருக்கிறேன். நான்கு முறையும் நான் பார்த்தது கவரின் உள்பக்கத்தை மட்டும்தான். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் போதும், காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும்.

சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் குமட்டாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. உட்கார்ந்து பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். புளியை வாயில் அடக்கிப் பார்த்தேன். எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் என் கணவர் நிசார் அகமது ஒரு வழி கண்டுபிடித்தார். போன இரண்டு கோடையிலும் வத்தல்மலை அடிவாரத்தில், கோவிந்தன் டீக்கடையில் என்னை இறக்கிவிட்டு, அவரும் அவருடைய அக்கா அக்தர் பேகமும் எங்கள் மகள் உஸ்மாவும் மேலே போய் வந்தார்கள். கோவிந்தன் நல்ல மனிதர். மரத்தடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தருவார். அதில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுகையாக வரும். தருமபுரியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் பக்கத்து மலையின் உச்சி போட்டோவில்தான் என்பது என்ன நியாயம்?

இந்த மே மாதம் நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். எங்களுக்கு மெத்தைக் கடை. டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய இந்த எட்டு மாதமாக, ஆர்டர் மெத்தைகளை ஆம்னி வேனில் ஏற்றிப்போய் இறக்குவது என் வேலை. அப்படி ஒருநாள் சேலத்திலிருந்து திரும்பித் தொப்பூர் கணவாயில் ஏறும்போதுதான் கவனித்தேன், வயிறு சும்மா இருந்தது. அதே கணவாயில் பஸ் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்காதவள் நான். ஸ்டியரிங் கையில் இருந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. வயிற்றுக்கும் தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வேன் டீக்கடை முன் நின்றது. எங்களைப் பார்த்ததும் கோவிந்தன், யாரும் கேட்காமலே, நாற்காலியை எடுத்துவந்து போட்டார். அதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது.

"எறங்கு அன்ஜும். நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம்," என்றார் கணவர்.

இறங்கினேன். சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"நீங்க பின்னாடி உக்காருங்க. நான் ஓட்றேன்."

"வெளையாடாத. இருபத்தி நாலு வளைவு இருக்குது."

"இருக்கட்டுங்க."

முட்டி வலிக்காக எப்போதும் முன்சீட்டில் உட்காரும் அக்தர் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, சும்மா உக்காந்து வந்தாலே வாந்தி எடுக்கறவ நீ. ஓட்டிக்கிட்டே எடுத்தா நாங்க என்னா ஆவறது?"

"தொப்பூர் கணவாய்ல லாரிங்களுக்கு நடுவுல மெத்தை ஏத்திக்கிட்டு வர்றது நான்தானே அண்ணி? ரெண்டாவது வளைவுல எனக்குக் கொமட்டுச்சுன்னா வண்டிய நிறுத்திச் சாவிய உங்க தம்பிகிட்ட குடுத்துட்டு, நடந்தே இந்த நாற்காலிக்கு வந்துர்றேன். அப்பறம் மலைன்னு வாயே தொறக்க மாட்டேன்."

"குடுங்கப்பா," என்றாள் உஸ்மா.

அவர் முறைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் எனக்காக விரித்திருந்த செய்தித்தாளின் மேல் போய் உட்கார்ந்தார்.

முதல் வளைவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வளைவில் மூன்று பேரும் சாலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். ஹாரன் அடித்து, முதல் கியருக்கு மாற்றி, அகலமாக ஒடித்துத் திருப்பினேன். வயிறு மூச்சு விடவில்லை. ஐந்தாவது வளைவுக்குள் பயம் விட்டுப்போயிற்று. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பாறை, நடுவில் நான். இவ்வளவு அழகையும் இத்தனை நாள் ஒரு கவருக்குள் தொலைத்திருக்கிறேன்.

பின்னாலிருந்து கணவர், "கிளட்ச விடு, ஹாரன் அடி," என்று பாடம் நடத்திக்கொண்டே நான் ஓட்டுவதைப் போனில் வீடியோ எடுத்தார். பன்னிரண்டாவது வளைவில் வீடியோ நின்றது. பதின்மூன்றில் பாடமும் நின்றது. பதினான்கில், "அன்ஜும், கொஞ்சம் ஓரமா நிறுத்து," என்று ஈனமாக ஒரு குரல் வந்தது.

அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். என் பையிலிருந்த கவரையும் எலுமிச்சம்பழத்தையும் பின்னால் நீட்டினேன். பாவம், அவர் இதுவரை மலை ஏறியதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். பின்சீட்டில் அவர் ஏறிய முதல் மலை இது. அண்ணி சிரிப்பை அடக்க முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

உச்சியில் வெயிலிலும் குளிர்ந்த காற்று வந்தது. காபித் தோட்டத்துக்கு நடுவே நடந்தோம். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்றேன். மலைமேல் நான் தின்று வயிற்றில் தங்கிய முதல் பண்டம் அதுதான். பள்ளத்துக்குக் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டுக்கு உஸ்மா பயந்தாள். நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முதலில் போனேன். காலுக்குக் கீழே மரங்கள் ஓடின, தூரத்தில் எங்கள் ஊர் வெயிலில் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். கணவர் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது அவர் சாவியைக் கேட்கவில்லை. தலை சுற்றுகிறவர் எப்படிக் கேட்பார்? மறுபடியும் அதே செய்தித்தாள், இரண்டாவது கவர்.

அடிவாரத்தில் டிரைவர் சீட்டிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துக் கோவிந்தன் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு பழக்கத்தில் நாற்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கில்லைங்க. பின்னாடி வர்றாரு பாருங்க, அவருக்கு."

அவர் வந்து அதில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே டீயை வாங்கினேன்.

"அடுத்த வருஷம் ஊட்டிக்குப் போறோம்ங்க," என்றேன். "உங்களுக்கு முடியலைன்னா ஒண்ணுமில்ல. மேட்டுப்பாளையத்துலயும் டீக்கடை இருக்குது."