பூட்டுக்குள் மாட்டிய வாசல்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாகக் கிடைத்தது. (யார் அனுப்பியது என்று சொல்ல மாட்டேன். இரத்தினபுரியில் கல் வியாபாரிகள் நடுவே வளர்ந்தவன் நான். சரக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால், இன்றைக்கு மழை வருமா என்று பேச்சை மாற்றிவிடுவோம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “தெஹியோவிட்ட ரப்பர் மரங்களுக்கு மேல் பொன்னிற விடியல்...” அடித்துவிட்டேன். மங்கல் கல்லை விளக்கு வெளிச்சத்தில் காட்டி விலை ஏற்றுகிற வேலை அது.

2.

தெஹியோவிட்டத் தோட்டத்தில் இருந்துகொண்டே கொழும்புக் கம்பனிக்கு பிஎச்பியில் கணினி நிரல் எழுதுகிறவன் அருண். மனைவி ஸ்டெபானி, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் டீச்சர். கொழும்பில் வேலை செய்யும் அம்மாமார் தங்கள் பிள்ளைகளைப் பார்க்கவென்று, அவளுக்காக லாராவெல் என்ற மென்பொருளில் ஓர் இணையத்தளம் செய்தான். சின்ன முகங்களைக் கண்டவர்களும் பார்க்கக் கூடாதென்று உள்நுழைவுப் பூட்டும் போட்டான்.

காலையில் மடுவத்தில் கலைவிழா. மரியாயியின் மகள் ஆடிய வீடியோ மதியமே தளத்தில் ஏறிவிட்டது. கொழும்பில் வீட்டுவேலை செய்யும் மரியாயிக்கு, வீட்டுக்கார நோனா லீவு கொடுக்கவில்லை. ஃபோனில் அவள் குரல் மட்டும் வந்தது.

“டீச்சர், உள்ள போகவே முடியல. ரொம்ப தடவை திருப்பி விட்டாச்சுன்னு எழுதி வருது. நோனா தூங்குறாங்க, எழும்புனா ஃபோன வச்சிரணும்.”

3.

அருண் எல்லா வழிகளையும் ஒரே பூட்டுக்குள் வைத்திருந்தான், உள்நுழையும் வழியையும் சேர்த்து. வீடியோவைக் கேட்டால் உள்நுழையச் சொல்கிறது. உள்நுழையப் போனால், முதலில் உள்நுழைந்துவிட்டு வா என்கிறது.

“சாவிய உள்ள வச்சே கதவ சாத்திட்டீங்களா?” என்றாள் ஸ்டெபானி.

“ம்.”

“கல்யாணத்தன்னைக்கும் மோதிரத்த பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, ஃபாதர் முன்னால இந்த முழிதான் முழிச்சீங்க.”

(மோதிரம் நான் சேர்த்தது. அதுவரை அருண் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரனாக இருந்தான். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

“பூட்டையே கழட்டிரவா, ஸ்டெபி? ஒரு நிமிஷ வேல.”

“வேணாங்க. மத்த அம்மாமாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வாசல மட்டும் வெளிய எடுங்க.”

படிவத்தைக் காட்டுகிற வரி, கடவுச்சொல்லை வாங்குகிற வரி, இரண்டையும் பூட்டுக்கு வெளியே நகர்த்தினான். பிறகு, கேட்காமலே இன்னொரு வரி எழுதினான்: வந்தவர் எந்தப் பக்கத்தைத் தேடி வந்தாரோ, நேரே அங்கே கொண்டுபோய் விடு.

ஸ்டெபானி அவன் தோளில் நாடியை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த வரி பிடித்திருந்தது என்று நான்... (அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.)

“டீச்சர், கதவு வந்திருச்சு!” என்றது ஃபோனில் மரியாயியின் குரல்.

4.

இனி முடிவு. முதல் விலை சொல்கிறேன்: மரியாயி ஆட்டம் முழுவதையும் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். அதிகம் என்கிறீர்களா? குறைத்துக்கொள்கிறேன்: பாதியில் நோனா கூப்பிட்டார். இதற்குக் கீழே இறங்க எனக்கு மனமில்லை.

நீங்களே சொல்லுங்கள். மரியாயி உள்ளே வந்துவிட்டாள். நோனாவின் அறைக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. அதைத் திறக்கிற கை உங்களுடையது. கொஞ்சம் மெதுவாகத் திறங்கள். பிள்ளை இப்போதுதான் மேடைக்கு வருகிறாள்.