கை தூக்கினால் நிற்கும் டிரம்ஸ்

"இன்னொரு தபா நடுவுல நிறுத்தினேன்னு வெச்சுக்கோ, அடுத்த ஷோவுல உன் சீட்ல என் லேப்டாப்புதான் குந்தும்" என்றான் விமல்.

"நான் இன்னா வேணும்னா நிறுத்துறேன்? கை தன்னால நின்னுடுதுடா!" என்றாள் ஏஞ்சலின்.

கும்மிடிப்பூண்டியை நோக்கிக் குலுங்கிப்போகும் குட்டி யானை வண்டியின் பின்புறம், டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவர்கள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏஞ்சலின் டிரம்ஸ், விமல் பேஸ் கிட்டார், ரிஜ்வான் பாட்டும் கிட்டாரும். அவ்வளவுதான் அவர்களுடைய ராக் பேண்டு.

வில்லங்கம் ஏஞ்சலினின் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பெயர் அந்தோணி; மணவாள நகரில் கல்யாண பேண்டு செட்டு வைத்திருக்கிறார். ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதிக்கொண்டு முன்னால் நடப்பவர் அவர். வழியில் ஆஸ்பத்திரி வந்தாலோ, தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வந்தாலோ, சாவு வீடு வந்தாலோ ஒரு கையைத் தூக்குவார். அத்தனை வாத்தியமும் கப்சிப். தாண்டியதும் கையை இறக்குவார். விட்ட அடியிலிருந்தே மேளம் கிளம்பும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் பின்னால் சைடு டிரம் அடித்து வளர்ந்தவள் ஏஞ்சலின். பார்க்கிறவர்கள் வாய்பிளக்கும் அவளுடைய குதிரை ஓட்ட அடியும் உருட்டு அடியும் அப்பா கொடுத்த சீதனம். அந்தக் கையும் சீதனத்தோடு சேர்ந்து வந்துவிட்டது.

ராக் கச்சேரியில் ஜனங்களுக்குக் குஷி பிறந்தால் முதலில் என்ன செய்வார்கள்? கையைத் தூக்குவார்கள்!

வேப்பம்பட்டு காலேஜில் அப்படித்தான் மானம் போனது. பாட்டு சூடு பிடித்தது, முன்வரிசை கையைத் தூக்கியது, டிரம்ஸ் படுத்தது. ரிஜ்வான் திறந்த வாயோடு நின்றான். கரண்டு போய்விட்டதென்று ஒருவர் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார்.

"கண்ண மூடிக்கினு அடிச்சிப் பாரேன்" என்றான் ரிஜ்வான்.

ஏஞ்சலின் வீங்கிய கட்டைவிரலைக் காட்டினாள். "பாத்தேன்."

"உங்க நைனாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உன்ன மாதிரி கட் பண்ண நம்ம செட்டுலயே ஆளு இல்ல கண்ணு'ன்னு பூரிச்சுப் போறாரு. பேஜாரு!"

விமல் ஏற்கனவே வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். "ஜனத்துக்கு முதுகக் காட்டிக் குந்து. கண்ணுக்குப் பட்டாத்தானே?"

அன்று மாலை ஒரு குழாய் கம்பெனி மைதானத்தில் ஆண்டு விழா. டிரம்ஸைத் திருப்பிப் போட்டார்கள். ஏஞ்சலின் மேடையின் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ரிஜ்வான் "ஒன், டூ, த்ரீ" என்றான். சத்தமே இல்லை.

"இன்னா ஏஞ்சு?"

அவள் குச்சியால் எதிரே காட்டினாள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் கம்பெனி முதலாளி, ஆளுயரத்துக்கு மேல், ஒரு கையைத் தூக்கி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"அவரு எப்போ கைய எறக்குவாரு?" என்றாள் பரிதாபமாக.

மறுபடி டிரம்ஸைத் திருப்பினார்கள். விமல், டிரம்ஸ் அடியைப் பதிந்து வைத்திருந்த லேப்டாப்பைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டான். ஏஞ்சலின் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குச்சிகளை எடுத்தாள்.

முதல் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. முன்வரிசையில் கேன்டீன் ஜோதிலட்சுமி அக்கா எழுந்து ஆடினார், கையைத் தூக்கினார். டிரம்ஸ் நின்றது. விமலின் விரல் லேப்டாப்பைத் தட்டியது. டப் டப் என்று கிளம்பியது ஓர் அடி. திடுக்கிட்ட அக்கா கையை இறக்கினார். டமார்! ஏஞ்சலின் விட்ட அடியிலிருந்து பிடித்துக்கொண்டாள். அக்கா சந்தேகத்தோடு மறுபடி தூக்கினார். நின்றது. இறக்கினார். டமார்!

"ஏய், நம்ம கைதான்டி சுவிச்சு!"

அவ்வளவுதான். அக்கா கை போன திசையில் மொத்த ஷிஃப்டும் கையைத் தூக்கியது, இறக்கியது. ஆனால் ஒரு பாவி மட்டும் எந்தக் கைக்கும் அடங்காமல் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தப் பொட்டிய மூடு, நைனா!" என்று கத்தினார் அக்கா. "பாப்பா எவ்ளோ சொன்னபடி கேக்குது!"

மைதானமே சேர்ந்து கத்தியது. விமல் லேப்டாப்பை மூடி, அதன்மேல் தானே உட்கார்ந்தான். ஒரே பாட்டை மூன்று முறை பாட வைத்தார்கள். ரிஜ்வானுக்குத் தொண்டை கட்டியது.

திரும்பும் வழியில் ஏஞ்சலின் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். "நைனா, என் சீட்டு எனக்கே! நிக்க வெச்சு நிக்க வெச்சு..." அவர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். அவள் வாய் பாதியில் நின்றது. இறக்கினார். "...ரசிச்சாங்க நைனா!"

"இது புது ஸ்டைலு, நம்ம பேண்டோடது" என்கிறான் விமல். "போடா, அது அந்தோணி அங்கிளோடது" என்கிறான் ரிஜ்வான். ஜோதிலட்சுமி அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஏஞ்சலினுக்குத் தோன்றுகிறது. நீங்களே சொல்லுங்கள், இது யாருடைய ஸ்டைல்? கையைத் தூக்காமல் சொல்லுங்கள், சரியா?