ஒரு பிடி செம்முள்ளன்

அன்றைக்கு எது முதலில், எது பிறகு என்று எனக்கு உறுதியில்லை. அபிராமியும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறாள். ஆனால் அவளுடைய அண்ணன் ரத்தினவேலின் உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த நேரத்தில், அவள் கொல்லையில் உரலுக்கு முன்னால் உட்கார்ந்து ஓர் அலுமினியப் பையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள். அது நிச்சயம்.

பையில் செம்முள்ளன் நெல். கறம்பக்குடிப் பக்கம் அதைக் கடைசியாக விதைத்தவர் ரத்தினவேல். ஆறு வருடத்துக்கு முன் கையிலிருந்த இரண்டு படியையும் தங்கை வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். "நாங்க பத்திரமா வச்சிருப்போம்ணே. நீ இனிமே நல்லா வெளையறதைப் போடு" என்று சொன்னவள் அவள்தான்.

நெல் வந்த வாரம் உலர்த்தும் அறையில் இடமில்லை. உலர்த்தாமல், ஈரமும் அளக்காமல், பக்கத்துப் பையின் அளவையே எழுதி ஒட்டிக் குளிரறையில் வைத்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து நூறு விதைகளை ஈரத்தாளில் பரப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. பதிவேட்டில் தொண்ணூறு என்று எழுதினாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"நெல்லு இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"அப்ப எனக்கு வாய்க்கரிசி அதான்." சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

சாட்சி எதுவும் மிஞ்சக்கூடாது என்று மொத்தத்தையும் எடுத்து வந்திருந்தாள்.

தாய்மாமன் அழகுமலை எட்டிப் பார்த்தார். "ஆராய்ச்சிக்காரிக்கு ஒலக்கை புடிக்கவும் வருதே! ஆமா, வெதநெல்லை முழுசாவா குத்துவே?"

"அங்க இன்னும் இருக்கு மாமா." தலையைத் தூக்காமல் சொன்னாள்.

அண்ணி பிரகதாம்பாள் குனிந்து இன்னும் குத்தாத நெல்லில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது கெடக்கட்டும்த்தா. ஆடியில ஒங்க அண்ணன் வயல்ல போட்டு விடுறேன்."

அது முளைக்காது என்று சொல்லிவிட அபிராமிக்கு வாய் வரை வந்தது. வாசலில் சங்கு ஊதினார்கள். அண்ணி எழுந்து போய்விட்டாள்.

அரிசி சிவப்பாக, நன்றாகத்தான் இருந்தது. அபிராமி மூன்று முறை அண்ணனின் உதட்டில் போட்டாள்.

பிறகு அழகுமலை மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அபிராமிக்குப் பதவி உயர்வு வந்தது. பதிவேட்டில் செம்முள்ளன் தொண்ணூறு என்றே இருக்கிறது. பிரகதாம்பாள் ஆடியில் நாற்றங்கால் போட்டு இருபது நாள் தண்ணீர் தெளித்தாள். "குருவிதான் தின்னுருச்சு போல" என்று போனில் சொன்னாள். "இருக்கும் அண்ணி" என்றாள் அபிராமி. அண்ணி நான்கு குச்சி நட்டு, குருவி வராமலிருக்க ரத்தினவேலின் வேட்டி ஒன்றை அந்த வெறும் மண்ணுக்கு மேலே இன்னும் கட்டி வைத்திருக்கிறாள்.